ஒரு நாள் எடுக்கும், ஒரு நாள் எடுக்காது: பழைய பிக்கப் வண்டியின் ஸ்டார்ட்டிங் கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

பழைய பிக்கப் வண்டியை வைத்துப் பிழைக்கும் பலருக்கும் இந்த அனுபவம் உண்டு. காலையில் சாவியைத் திருப்பியதும் வண்டி முதல் முயற்சியிலேயே கிளம்பிவிடும். சந்தையில் சரக்கை இறக்கிவிட்டு, கால் மணி நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்ற ஒற்றைச் சத்தம் மட்டும் வரும். நாலைந்து முறை விடாமல் திருப்பினால் எதுவுமே நடக்காததுபோல எடுத்துவிடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினால், அங்கே பத்து முறை போட்டாலும் பத்து முறையும் எடுக்கும். கண்ணெதிரே இல்லாத குறையை அவரால் பார்க்க முடியாது என்பதால் அனுமானத்தில் பேட்டரியை மாற்றச் சொல்வார். ஒரு வாரம் கழித்து மறுபடியும் அதே ‘டக்’ வரும். அடுத்து எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டார், அதற்கும் அடுத்து சாவி சுவிட்ச் என்று மூன்று பாகங்களுக்குப் பணம் போன பிறகும், உண்மையான குறை, பேட்டரியின் நெகட்டிவ் முனையை வண்டியின் உலோக உடலோடு இணைக்கும் ஒரு பழைய எர்த் ஒயரின் முனையில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

இப்படிப் பணம் வீணாவதைத் தடுக்க ஒரேயொரு கருத்தைப் புரிந்துகொண்டால் போதும் என்பது என் உறுதியான எண்ணம். மின்சுற்றில் உள்ள குறை, மின்சாரம் ஓடும்போதுதான் அளவில் தெரியும். ஓடாமல் நிற்கும்போது அளந்தால் கெட்டுப்போன ஒயரும் நல்ல ஒயரைப் போலவே காட்டும். இதை அடிப்படையாகக் கொண்ட சோதனைக்கு ‘வோல்டேஜ் டிராப்’, அதாவது மின்னழுத்த வீழ்ச்சிச் சோதனை என்று பெயர். இதற்குச் சில நூறு ரூபாய் விலையுள்ள சாதாரண மல்டிமீட்டரும், சாவியைத் திருப்ப இன்னொரு ஆளும் இருந்தால் போதும்.

எடுத்துக்காட்டாக 1980களிலும் 90களின் முற்பகுதியிலும் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் 1995 வரை ‘டொயோட்டா பிக்கப்’ என்ற பெயரிலேயே விற்கப்பட்ட இந்த வண்டியில் ஸ்டார்ட்டிங் சுற்று மிக எளிமையானது. சாவியை அடையாளம் காணும் மின்னணுப் பூட்டு போன்றவை குறுக்கே வருவதில்லை. அதோடு, விட்டுவிட்டு வரும் இந்த ‘டக்’ கோளாறுக்கு அந்த வண்டியின் செல்ஃப் மோட்டார் உலகம் முழுவதும் அறியப்பட்ட உதாரணம். நம் ஊர் டீசல் பிக்கப்புகளிலும் சுற்றின் அமைப்பு ஏறத்தாழ இதுவேதான்.

பெரிய பாதையும் சிறிய பாதையும்

எஞ்சினைக் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்பிய காலம் ஒன்று இருந்தது. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் வந்த பிறகு, வண்டி தன்னைத்தானே கிளப்பிக்கொள்ளும் என்ற பொருளில் அதைச் ‘செல்ஃப் ஸ்டார்ட்டர்’ என்றார்கள். நம் மெக்கானிக்குகள் இன்றும் ‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்று சொல்வது அந்தப் பெயரின் மிச்சம்தான்.

இந்தச் சுற்றில் இரண்டு பாதைகள் உள்ளன என்பதை முதலில் மனத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும். பெரிய பாதை என்பது மோட்டாரைச் சுழற்றும் மின்சாரம் ஓடும் வழி. பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் தொடங்கி, விரல் தடிமனுள்ள கேபிள் வழியாகச் செல்ஃப் மோட்டாரின் மேலுள்ள சோலனாய்டு என்ற மின்காந்தச் சுவிட்சுக்கு வந்து, அதனுள் இருக்கும் செம்புத் தொடுமுனைகளைக் கடந்து, மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் கரித்துண்டு), ஆர்மேச்சர் (சுழலும் பகுதி) வழியாகப் போய், மோட்டாரின் உடலிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கும், அங்கிருந்து எர்த் கேபிள் வழியாகப் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் அது திரும்புகிறது. நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினில் 100 முதல் 200 ஆம்பியர் வரையிலும், டீசல் எஞ்சினில் அதற்கும் மேலேயும் இந்தப் பாதையில் மின்சாரம் ஓடும்.

சிறிய பாதையின் வேலை அந்தப் பெரிய பாதையைத் திறந்துவிடுவது மட்டுமே. பேட்டரியிலிருந்து மெல்லிய ஒயர் சாவி சுவிட்சுக்குப் போய், சில வண்டிகளில் கிளட்ச் சுவிட்ச் அல்லது நியூட்ரல் சுவிட்ச், ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) ஆகியவற்றைக் கடந்து, சோலனாய்டின் சிறிய டெர்மினலை அடைகிறது. ஜெர்மானியத் தர முறைப்படி இந்தச் சிறிய டெர்மினலுக்கு 50 என்றும், பேட்டரி கேபிள் வரும் பெரிய போல்ட்டுக்கு 30 என்றும் எண்கள் உண்டு; பல மோட்டார்களின் மீது இவை பொறிக்கப்பட்டிருக்கும்.

சோலனாய்டு ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்கிறது. சுருளுக்கு மின்சாரம் வந்ததும் உள்ளிருக்கும் இரும்புத் தண்டு இழுபட்டு, மோட்டாரின் சிறிய பற்சக்கரத்தை எஞ்சினைச் சுழற்றும் பல் வளையமான ரிங் கியரோடு கோக்கிறது. அதே இழுப்பின் முடிவில் ஒரு செம்புத் தட்டு இரண்டு செம்புத் தொடுமுனைகளின் மேல் அழுந்தி, பெரிய பாதையை மூடுகிறது. நமக்குக் கேட்கும் ‘டக்’ அந்தத் தண்டு நகரும் ஓசைதான். ஆகவே ‘டக்’ கேட்டால் சிறிய பாதை ஓரளவாவது வேலை செய்கிறது என்று பொருள். இந்த ஒரு தகவலே பாதித் தேடலைக் குறைத்துவிடும்.

சோலனாய்டுக்குள் ஒன்றல்ல, இரண்டு சுருள்கள் இருக்கின்றன. ஒன்று தண்டை இழுக்கும் வலுவான சுருள். மற்றொன்று இழுத்த தண்டைப் பிடித்து நிறுத்தும் மெல்லிய சுருள். இழுக்கும் சுருளின் மறுமுனை நேராக எர்த்துக்குப் போகாமல் மோட்டாரின் வழியாகப் போகிறது. தொடுமுனைகள் மூடியதும் அந்தச் சுருளின் இரு முனைகளிலும் ஒரே மின்னழுத்தம் வந்துவிடுவதால் அதில் மின்சாரம் நின்றுபோகும். அதன் பிறகு பிடிக்கும் சுருள் மட்டும் வேலை செய்யும். பேட்டரி பலவீனமாக இருந்தால், மோட்டார் மின்சாரத்தை இழுத்த நொடியில் மின்னழுத்தம் சரிந்து, பிடிக்கும் சுருளால் தண்டை நிறுத்த முடியாமல் அது பின்வாங்கும். பின்வாங்கியதும் மின்னழுத்தம் மீண்டு, மறுபடியும் இழுக்கும். ‘டகடகடக’ என்று தொடர்ச்சியாக வரும் ஓசைக்குக் காரணம் இதுதான்.

நிற்கும்போது ஏன் குறை தெரிவதில்லை?

வயலுக்குப் போகும் வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். மடையை மூடித் தண்ணீர் தேங்கி நிற்கும்போது, வாய்க்கால் நெடுக நீர்மட்டம் ஒன்றாகவே இருக்கும். எந்த இடம் தூர்ந்திருக்கிறது என்று மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது. மடையைத் திறந்து தண்ணீர் ஓடத் தொடங்கிய பிறகுதான், தூர்ந்த இடத்துக்கு மேற்புறம் மட்டம் ஏறியும் கீழ்ப்புறம் மட்டம் இறங்கியும் நிற்பது தெரியும். மின்னழுத்த வீழ்ச்சி என்பது அந்த மட்ட வேறுபாடுதான்.

இதைக் கணக்கில் பார்ப்போம். ஒரு கேபிளின் முனையில் துரு ஏறி, அங்கே 0.01 ஓம் தடை உருவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்தடையை மின்சாரத்தால் பெருக்கினால் அங்கே இழக்கப்படும் மின்னழுத்தம் கிடைக்கும். ஐந்து வாட் சோதனை விளக்கு ஒன்றை அந்தக் கேபிளில் இணைத்தால் அது ஏறத்தாழ 0.4 ஆம்பியர்தான் எடுக்கும். அப்போது இழப்பு 0.004 வோல்ட் மட்டுமே. விளக்கு பிரகாசமாக எரியும், மீட்டர் 12 வோல்ட்டுக்கு மேல் காட்டும், ‘இந்த ஒயரில் கரண்ட் நன்றாக வருகிறது’ என்று அடுத்த இடத்துக்குப் போய்விடுவோம். அதே கேபிளில் செல்ஃப் மோட்டார் 200 ஆம்பியரை இழுத்தால் இழப்பு 2 வோல்ட்டாகிவிடும். பேட்டரியில் 10.5 வோல்ட் இருந்தாலும் மோட்டாருக்கு 8.5 வோல்ட்தான் போய்ச் சேரும். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவையால் 0.01 ஓமை நம்பகமாக அளக்கவும் முடியாது. மீட்டரின் சொந்த ஒயர்களின் தடையே அதைவிட அதிகம். எனவே கனமான கேபிளை ஓம் அளவையில் வைத்துப் பார்த்து ‘நல்லது’ என்று தீர்ப்புச் சொல்வதை ஒருபோதும் ஏற்காதீர்கள்.

முதலில் பேட்டரி

பேட்டரியை ஐயத்துக்கு இடமின்றி முடித்துவிட்டே மற்றவற்றுக்குப் போக வேண்டும். வண்டி ஓடி நின்று சில மணி நேரமான பிறகு, முழுதும் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும், 12.4 என்றால் முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். ஆனால் முன்னே சொன்ன காரணத்தாலேயே இந்த எண் மட்டும் போதாது. மீட்டரின் முனைகளை, கேபிளைப் பேட்டரியோடு பிடித்திருக்கும் கிளாம்பின் மேல் வைக்காமல், பேட்டரியின் ஈய முனைகளின் மேலேயே அழுத்தி வைத்துக்கொண்டு, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். எஞ்சின் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியைச் சார்ஜ் செய்துவிட்டு மறுபடியும் சோதிக்க வேண்டும். முழு சார்ஜிலும் இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது, அல்லது மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கிறது. வண்டி ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை வந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது என்று கொள்ளலாம்.

இரவு நிறுத்தி வைத்தால் மட்டும் காலையில் எடுக்காத வண்டியில், எங்கேயோ மின்சாரம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். டேஷ்போர்டுப் பெட்டியில் அணையாமல் எரியும் ஐந்து வாட் விளக்கு ஒன்று ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-மணி அளவுக்குக் குடித்துவிடும். 60 ஆம்பியர்-மணிப் பேட்டரி மூன்றே நாளில் பாதியாகிவிடும்.

மட்ட வேறுபாட்டை அளத்தல்

இனி முக்கியமான சோதனைக்கு வருவோம். வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்த பிறகே எதையும் தொட வேண்டும். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிடுங்கள். பேட்டரி முனைக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மோதிரம் ஒரு நொடியில் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். சோதனையின்போது எஞ்சின் உயிர்பெற்றுவிடாதபடி, பெட்ரோல் வண்டியில், தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலுக்குப் போகும் மெல்லிய ஒயரைக் கழற்றிவிடலாம். டீசல் வண்டியில் எரிபொருளை நிறுத்தும் கேபிளை இழுத்துப் பிடிக்கலாம், அல்லது பம்பின் மேலுள்ள நிறுத்தும் சோலனாய்டின் ஒயரைக் கழற்றலாம். ஒவ்வொரு முறையும் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், இடையே ஒரு நிமிடமாவது மோட்டாருக்கு ஓய்வு கொடுக்க வேண்டும்.

மீட்டரை நேர்மின் வோல்ட் அளவையில் வைத்து, சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈய முனையிலும், கறுப்பு முனையைச் சோலனாய்டின் 30 எண் போல்ட்டிலும் வையுங்கள். சாவியைத் திருப்பும் வரை மீட்டர் பூஜ்யம் காட்டும். மோட்டார் சுழலும்போது வரும் எண்தான் அந்தக் கேபிளும் அதன் இரு முனைகளும் சேர்ந்து விழுங்கும் மின்னழுத்தம். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. அரை வோல்ட்டைத் தாண்டினால் குறை இந்தத் துண்டில் இருக்கிறது. அப்போது சிவப்பு முனையை அங்கேயே வைத்துக்கொண்டு, கறுப்பு முனையைக் கிளாம்ப், கேபிளின் தொடக்கம், கேபிளின் முடிவு என்று ஒவ்வொரு படியாக நகர்த்தினால், எந்த இடத்தில் எண் திடீரென்று ஏறுகிறதோ அந்த இடமே குறையுள்ள இடம்.

அடுத்தது எர்த் பக்கம். கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் ஈய முனையிலும், சிவப்பு முனையைச் செல்ஃப் மோட்டாரின் சுத்தமான உலோக உடலிலும் வைத்துச் செல்ஃப் அடிக்க வேண்டும். இங்கேயும் 0.2 வோல்ட்தான் எல்லை. பழைய பிக்கப்புகளில் நான் மிகவும் சந்தேகப்படச் சொல்வது இந்தப் பக்கத்தைத்தான். எஞ்சின் ரப்பர் மவுண்டுகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், அதற்கும் சேசிஸுக்கும் இடையே மின்சாரம் போக எர்த் பட்டையைத் தவிர முறையான வழி வேறில்லை. கிளட்ச் மாற்றும்போதோ எஞ்சினை இறக்கி ஏற்றும்போதோ அந்தப் பட்டையை மறுபடி மாட்டாமல் விட்டுவிடுவதும், பெயின்ட்டின் மேலேயே வைத்து முடுக்கிவிடுவதும் உண்டு. அப்போது செல்ஃபின் மின்சாரம் ஆக்ஸிலரேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள் போன்ற எந்த உலோக இணைப்பு கிடைத்தாலும் அதன் வழியே பாயப் பார்க்கும். செல்ஃப் அடித்த பிறகு ஆக்ஸிலரேட்டர் கேபிள் சூடாக இருந்தால், எர்த் பட்டையை உடனே பார்க்க வேண்டும். சந்தேகத்தை விரைவில் தீர்த்துக்கொள்ள, ஜம்ப்பர் கேபிள் ஒன்றை எடுத்துப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து நேராக எஞ்சின் பிளாக்கில் மாட்டிப் பாருங்கள். சோம்பிச் சுழன்ற எஞ்சின் அப்போது விறுவிறுவென்று சுழன்றால் விடை கிடைத்துவிட்டது.

மூன்றாவது அளவு, சோலனாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு இடையே எடுப்பது. ஒன்று கேபிள் வரும் போல்ட், மற்றொன்று மோட்டாருக்குள் போகும் போல்ட். சாவியைத் திருப்பாதபோது மீட்டர் பேட்டரியின் முழு மின்னழுத்தத்தையும் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது தொடுமுனைகள் சரியாக மூடினால் எண் 0.2 அல்லது 0.3க்கு விழுந்துவிட வேண்டும். ‘டக்’ என்ற ஓசை கேட்டும் எண் 12க்கு அருகிலேயே நின்றால், தண்டு நகர்ந்திருக்கிறது, ஆனால் செம்பு செம்பைத் தொடவில்லை. பழைய ஹைலக்ஸின் புகழ்பெற்ற கோளாறு இதுதான். டென்சோ நிறுவனம் செய்த அந்த மோட்டாரில் எல் வடிவச் செம்புத் தொடுமுனைகள் இரண்டு உள்ளன. ஒவ்வொரு முறை மூடித் திறக்கும்போதும் தீப்பொறியில் செம்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. இரண்டும் ஒரே அளவில் தேய்வதில்லை. ஒன்று அதிகமாகத் தேய்ந்ததும் செம்புத் தட்டு ஒரு பக்கம் மட்டும் தொட்டு, மறு பக்கம் தொடாமல் நிற்கும். தட்டு ஒவ்வொரு முறையும் சற்றே சுழன்று வேறு கோணத்தில் உட்காருவதால், ஐந்தாவது முயற்சியில் தொட்டுவிடுகிறது, வண்டி எடுத்துவிடுகிறது. விட்டுவிட்டு வரும் தன்மைக்கு மாயம் ஏதும் காரணமில்லை. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான் காரணம்.

இதற்கு முழு செல்ஃப் மோட்டாரையும் மாற்ற வேண்டியதில்லை. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றிவிட்டு, மோட்டாரை இறக்கி, சோலனாய்டின் மூடியைத் திறந்து, இரண்டு தொடுமுனைகளையும் சேர்த்து மாற்ற வேண்டும். தட்டில் ஆழமான வடு இருந்தால் தண்டையும் மாற்றிவிடுவது நல்லது. புதிய தொடுமுனைகள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி பொருத்துவதும், நட்டை முடுக்கும்போது அவை திரும்பிவிடாமல் பிடித்துக்கொள்வதும் முக்கியம். ஒன்று சற்றே உயர்ந்து நின்றாலும் பழைய கோளாறு புதிய செம்போடு திரும்பி வரும்.

சூட்டில் மட்டும் வரும் கோளாறு

சிறிய பாதையையும் இதே முறையில் அளக்க வேண்டும். சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது 50 எண் டெர்மினலுக்கும் மோட்டார் உடலுக்கும் இடையே எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். அந்த நேரத்தில் பேட்டரியில் 10.8 வோல்ட் இருந்து, இங்கே 10.3 வந்தால் கவலையில்லை. 8 வோல்ட்தான் வருகிறது என்றால் நடுவே உள்ள சாவி சுவிட்சோ, கிளட்ச் சுவிட்சோ, கனெக்டரோ மீதியை விழுங்குகிறது.

ஓடிய வண்டியை நிறுத்திக் கால் மணி நேரம் கழித்துத்தான் இந்தக் குறை பெரும்பாலும் வெளிப்படும். எஞ்சின் நின்றதும் ரேடியேட்டர் விசிறியின் காற்றும் தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடுவதால், எஞ்சினைச் சுற்றியுள்ள பாகங்களின் சூடு தணிவதற்குப் பதிலாகச் சிறிது நேரம் ஏறுகிறது. சைலன்சர் குழாய்க்கு அருகில் இருக்கும் சோலனாய்டும் அந்தச் சூட்டை வாங்குகிறது. செம்பின் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் ஏறத்தாழ 0.39 சதவீதம் கூடும். சுருள் 80 டிகிரி அதிகமாகச் சூடேறினால் அதன் தடை ஏறக்குறைய 30 சதவீதம் உயர்ந்து, அதே மின்னழுத்தத்தில் அதனுள் ஓடும் மின்சாரம் குறைந்து, தண்டை இழுக்கும் வலுவும் குறைகிறது. குளிர்ந்த நேரத்தில் 8 வோல்ட்டை வைத்துச் சமாளித்த சோலனாய்டு, சூட்டில் அதே 8 வோல்ட்டால் அசைய மறுக்கிறது. சோலனாய்டில் குறையில்லை, அதற்குத் தீனி போதவில்லை என்பதை மீட்டரை வைத்துப் பார்க்காமல் தெரிந்துகொள்ளவே முடியாது.

இழுக்கும் சுருள் பத்துக்கணக்கான ஆம்பியர்களை எடுக்கக்கூடியது. பல பழைய வண்டிகளில் அந்த மின்சாரம் முழுவதும் சாவி சுவிட்சின் சிறிய தொடுமுனைகள் வழியாகவே போகிறது. சுவிட்ச், கனெக்டர் எல்லாவற்றையும் சுத்தம் செய்த பிறகும் வீழ்ச்சி குறையவில்லை என்றால், பேட்டரிக்கு அருகில் ஒரு ரிலே சேர்த்துவிடுவது நிலையான தீர்வு. சாவியிலிருந்து வரும் பழைய ஒயரை ரிலேயின் 86 எண் முனைக்கும், 85ஐ எர்த்துக்கும், ஃபியூஸ் வைத்த புதிய தடித்த ஒயரைப் பேட்டரியிலிருந்து 30க்கும், 87ஐச் சோலனாய்டின் 50க்கும் இணைத்தால், சாவி சுவிட்ச் இனி ரிலேயின் சிறு சுருளை மட்டும் இயக்கினால் போதும்.

குறை வரும் நொடியைப் பிடிப்பது

அளக்கும் நேரத்தில் குறை வராமலே போனால் என்ன செய்வது என்பதுதான் கடினமான கேள்வி. வண்டியைத் தினமும் ஓட்டிக்கொண்டே, கோளாறு வரும்போது அதுவே சாட்சி சொல்லும்படி ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம். இரண்டு சிறிய 12 வோல்ட் விளக்குகளை டேஷ்போர்டில் தெரியும்படி வைத்து, ஒன்றைச் சோலனாய்டின் 50 டெர்மினலுக்கும், மற்றொன்றை மோட்டாருக்குள் போகும் பெரிய போல்ட்டுக்கும் ஒயர் இழுத்து இணையுங்கள். இரண்டின் மறுமுனையும் எர்த்துக்குப் போகட்டும். ஒயர் தொடங்கும் இடத்திலேயே இரண்டு ஆம்பியர் ஃபியூஸ் வைக்காமல் இதைச் செய்யக் கூடாது. எஞ்சின் பக்கத்தில் உரசி வெறுமையான ஒயர் தீப்பிடிக்கக் காரணமாகும்.

பிறகு எடுக்காத அந்த ஒரு நொடியில் விளக்குகளைப் பார்த்தால் போதும். இரண்டும் எரியவில்லை என்றால் குறை சிறிய பாதையில் இருக்கிறது. முதல் விளக்கு நன்றாக எரிந்து, ‘டக்’ கேட்டு, இரண்டாவது எரியவில்லை என்றால் சோலனாய்டின் தொடுமுனைகளைப் பார்க்க வேண்டும். இரண்டும் பிரகாசமாக எரிந்தும் மோட்டார் சுழலவில்லை என்றால் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது, அல்லது மோட்டாரின் எர்த் விட்டுப்போயிருக்கிறது. சாவியைத் திருப்பியதும் முதல் விளக்கும் டேஷ்போர்டு விளக்குகளும் சேர்ந்தே மங்கி அணைந்தால், பேட்டரிக்கும் அதன் கிளாம்புகளுக்கும் திரும்பிப் போங்கள்.

மோட்டாரின் உடலைச் சுத்தியலால் தட்டினால் எடுக்கிறது என்பதும் ஒரு தடயம்தான். ஒட்டி நின்ற பிரஷ் அல்லது தொடுமுனை அதிர்வில் நகர்கிறது என்று அதற்குப் பொருள். ஆனால் நிரந்தரக் காந்தம் வைத்த மோட்டார்களில் பலமாகத் தட்டினால் காந்தம் விரிசல் விட்டுவிடும். ஸ்க்ரூடிரைவரை வைத்துச் சோலனாய்டின் டெர்மினல்களை இணைத்து எடுக்கும் வழக்கத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கியரில் இருக்கும் வண்டி ஆளில்லாமல் நகர்ந்து, முன்னால் நிற்பவர்மேலேயே ஏறிவிடும்.

இன்னொரு பக்கம், மின்கோளாறு போலவே தோன்றும் ஓர் இயந்திரக் கோளாறும் உண்டு. நாலு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது பெரும்பாலும் ஒரே இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும். ஆண்டுக்கணக்கில் செல்ஃபின் பற்சக்கரம் அந்த இடங்களிலேயே மோதுவதால் ரிங் கியரின் பற்கள் அங்கே மட்டும் தேய்ந்துபோகும். மோட்டார் வேகமாகச் சுற்றும் ஓசையும் பல் உரசும் ஓசையும் கேட்டு எஞ்சின் மட்டும் அசையாமல் இருந்து, கியரில் போட்டு வண்டியைச் சற்றே முன்னும் பின்னும் தள்ளியதும் எடுத்தால், மீட்டரை உள்ளே வைத்துவிடலாம்.

எஞ்சின் நன்றாகச் சுழன்றும் உயிர்பெறாத கோளாறு வேறு வகை. அங்கே செல்ஃபை விட்டுவிட்டு இக்னிஷனையோ எரிபொருளையோ பார்க்க வேண்டும். 1970களின் டாட்ஜ் பிக்கப்புகளில் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும் வரை எஞ்சின் எடுப்பதுபோல் எடுத்து, சாவியை விட்டதும் அணைந்துவிட்டால், காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும், பீங்கானில் பொதித்த பல்லாஸ்ட் ரெசிஸ்டர் அறுந்திருக்கும் என்று அனுபவசாலிகள் உடனே சொல்லிவிடுவார்கள். செல்ஃப் அடிக்கும்போது மின்சாரம் அதைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாகக் காயிலுக்குப் போவதும், சாவி பழைய நிலைக்கு வந்ததும் அதன் வழியாகவே போக வேண்டியிருப்பதும்தான் காரணம். 1980களின் ஃபோர்டு பிக்கப்புகளில் தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் இக்னிஷன் மாட்யூல், அதைச் சிலிண்டர்களுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் உடலிலேயே திருகப்பட்டிருந்ததால் எஞ்சின் சூட்டில் செயலிழந்து, ஆறியதும் மறுபடி வேலை செய்யும். அதைச் சூட்டிலிருந்து தள்ளி வைக்கும் அமைப்பு பின்னர் வந்தது. டீசல் வண்டியில், சாவியை ஆன் செய்ததும் இன்ஜெக்‌ஷன் பம்பின் மேலுள்ள நிறுத்தும் சோலனாய்டு ‘டிக்’ என்று விடுபடுகிறதா என்று கையை வைத்துப் பார்ப்பதே முதல் சோதனை.

சரிசெய்தலும் மறு அளவும்

குறை கிடைத்த பிறகு செய்யும் வேலை பெரும்பாலும் எளியது. பேட்டரி முனையில் படிந்த வெள்ளை, பச்சைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவலாம். கரைசல் பேட்டரியின் துளைகளுக்குள் போய்விடக் கூடாது. ஈய முனையையும் கிளாம்பின் உட்புறத்தையும் உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, இறுக்கி முடுக்கி, அதன் பிறகே மேலே வாஸ்லின் தடவ வேண்டும். எர்த் போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டும் துருவும் போய் உலோகம் தெரியும் வரை சுரண்ட வேண்டும். கேபிளின் உறைக்குள் செம்பு இழைகள் பச்சை பூத்திருந்தால் முனையை மட்டும் வெட்டி மாற்றுவதைவிடக் கேபிள் முழுவதையும் மாற்றுவதே மேல், ஏனெனில் அமிலம் உறைக்குள் எவ்வளவு தூரம் ஊறியிருக்கிறது என்பது வெளியே தெரியாது. மறுபடி மாட்டும்போது பாசிட்டிவ் முதலிலும் நெகட்டிவ் கடைசியிலும் வர வேண்டும்.

விட்டுவிட்டு வந்த குறை ‘சரியாகிவிட்டது’ என்பதற்கு வண்டி இரண்டு முறை எடுத்ததைச் சான்றாகக் கொள்ள முடியாது. முன்பும் அது பல முறை எடுத்த வண்டிதான். குறை எந்த நிலையில் வந்ததோ அதே நிலையை உருவாக்க வேண்டும். அரை மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, கால் மணி நேரம் கழித்து, சூடு ஏறியிருக்கும்போதே முன்பு அளந்த நான்கு அளவுகளையும் மறுபடி அளந்து பாருங்கள்: பாசிட்டிவ் பக்க வீழ்ச்சி, எர்த் பக்க வீழ்ச்சி, தொடுமுனைகளின் வீழ்ச்சி, 50 டெர்மினலில் வரும் மின்னழுத்தம். பழைய எண்ணும் புதிய எண்ணும் தேதியோடு ஒரு துண்டுத் தாளில் எழுதப்பட்டு, வண்டியின் ஆவணங்களோடு இருக்கட்டும். 0.9 ஆக இருந்த எர்த் பக்கம் 0.1 ஆகியிருந்தால் வேலை முடிந்தது. எந்த எண்ணும் மாறவில்லை என்றால், வண்டி இப்போது எடுத்தாலும் குறை இன்னும் உள்ளேதான் இருக்கிறது, டேஷ்போர்டு விளக்குகளைக் கழற்றாமல் இன்னும் சில நாள் ஓட்டிப் பார்க்க வேண்டும்.